‘ஈ’ விழுங்கிய பக்கங்கள்: பியூட்டிஃபுல் சூப்போடு ஆறு மாதம்

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள தெருவில் 19 வருஷமாக டி.டி.பி. கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்ட், எப்போதாவது ஒரு கவிதைத் தொகுப்பு. பேஜ்மேக்கரில் தொடங்கி இன்டிசைனுக்கு வந்தவன். பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டது கடந்த மூன்று வருஷத்தில்தான், அதுவும் ராத்திரி கடையை அடைத்த பிறகு வீடியோ பார்த்து. பழைய தமிழ் இணையப் பக்கங்களைப் புத்தகமாக்க வேண்டியிருந்த ஓர் அச்சு வேலைக்காரன், பியூட்டிஃபுல் சூப் என்ற இலவச மென்பொருளை ஆறு மாதம் தினமும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு எழுதுவது இது. கூடவே டைடி என்ற இன்னொரு கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

சென்ற ஆடியில் சேரன்மகாதேவியிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கடைக்கு வந்தார். கையில் ஒரு சி.டி. 2001 முதல் 2008 வரை அவரே, பெரும்பாலும் நோட்பேடில் டேக் (பக்கத்தின் வடிவத்தைச் சொல்லும் குறி) அடித்து உருவாக்கிய 386 இணையப் பக்கங்கள் அதில் இருந்தன. தாமிரபரணியின் அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள், மடைகளின் பெயர்கள், ஆற்று மீன்கள், குளத்து ஆயக்கட்டு என்று ஒரு மனிதர் ஏழு வருஷம் சைக்கிளில் சுற்றிச் சேர்த்த விஷயம். பக்கங்களை வைத்திருந்த இலவச இணைய இடம் என்றோ மூடிவிட்டது. மூடுவதற்கு முன் அவர் பேரன் எல்லாவற்றையும் சி.டி.யில் எழுதி வைத்திருக்கிறான்.

என்னிடம் வருவதற்கு முன் வெளியூரில் ஒரு நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறார். பணத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் திருப்பித் தந்தது ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைல். எல்லா டேக்கையும் துடைத்து எடுத்திருந்தார்கள். “சுத்தம் பண்ணியாச்சுன்னு சொன்னாங்க தம்பி. எனக்கே படிக்க முடியல” என்றார். நானும் திறந்து பார்த்தேன். பாதி ஆங்கில எழுத்துக் குப்பை, பாதி பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவின் குறி, நடுநடுவே வாக்கியங்கள் அறுந்து கிடந்தன. எது எந்த எழுத்துருவில் இருந்தது என்ற தடயமே அந்த ஃபைலில் இல்லை. சி.டி. மட்டும் இல்லாவிட்டால் அந்த ஏழு வருஷமும் போயிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பியூட்டிஃபுல் சூப் என்பது பைத்தான் மொழிக்கான ஒரு நிரல் தொகுப்பு. லெனார்ட் ரிச்சர்ட்சன் என்பவர் 2004-இல் வெளியிட்டது. ஒழுங்காக மூடப்படாத, ஒன்றுக்குள் ஒன்று தாறுமாறாகப் பின்னிக் கிடக்கிற டேக்குகளை அந்தத் துறையில் ‘டேக் சூப்’ என்பார்கள். அதிலிருந்து வந்த பெயர். நீங்கள் ஒரு பக்கத்தைக் கொடுத்தால் அதை அது கிளை கிளையாக ஒரு மரமாக்கித் தருகிறது. எந்த டேக்குக்குள் எந்த எழுத்து இருக்கிறது, அந்த டேக் எதன் பிள்ளை என்று கேட்டுக்கேட்டு வேலை செய்யலாம். ஒரு டேக்கை உள்ளடக்கத்தோடு எறியலாம், அல்லது உள்ளடக்கத்தை விட்டுவிட்டு உறையை மட்டும் உரிக்கலாம். முதலாவது ‘டீகம்போஸ்’, இரண்டாவது ‘அன்ராப்’. காசு கிடையாது, யாரும் தாராளமாகப் பயன்படுத்த விடும் எம்.ஐ.டி. உரிமம். பைத்தான் இருந்தால் ஒரே கட்டளையில் இறங்கிவிடும். பெயரோடு 4 என்ற எண்ணையும் சேர்த்து அடியுங்கள், இல்லாவிட்டால் கைவிடப்பட்ட பழைய பதிப்பைத் தேடிப் போகும்.

நான் இதை முழுமனதோடு பரிந்துரைக்கிற காரணம் ஒன்றுதான். இது தானாக எதையும் அழிப்பதில்லை. எதை, எந்த வரிசையில் துடைக்க வேண்டும் என்பதை நம்மிடம் விடுகிறது. பழைய தமிழ்ப் பக்கங்களுக்கு அந்த வரிசை உயிர் போன்றது.

பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தவர்களுக்குத் தெரியும்: ஃபைலுக்குள் தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகள்தான் இருக்கும். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டும். ‘தமிழ்’ என்ற சொல் ஃபைலுக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். இதைத் தமிழ் என்று காட்டிக்கொடுக்கும் ஒரே சாட்சி, சுற்றியிருக்கும் ஃபான்ட் டேக்கில் உள்ள பாமினி என்ற பெயர். அந்த டேக்கைக் குப்பை என்று உரித்துவிட்டால், எது தமிழ், எது ஆசிரியர் டைம்ஸ் எழுத்துருவில் அடித்த ஆங்கிலச் சொல் என்று பிரிக்க வழியே இல்லாமல் போய்விடும். வெளியூர் நிறுவனம் செய்தது இதைத்தான். ஃபான்ட் டேக் பழையது, வழக்கொழிந்தது, இன்றைய தரத்தில் இடமில்லாதது என்பதெல்லாம் உண்மை. ஆனால் இந்தப் பக்கங்களில் அதுதான் மொழிபெயர்ப்பாளர். தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி இடம் உள்ள யூனிகோடு முறைக்கு மாற்றி முடிக்கும்வரை அதைத் தொடக் கூடாது.

சரி, அப்படியானால் ஒவ்வொரு ஃபான்ட் டேக்குக்குள்ளும் இருக்கும் எழுத்தை மாற்றிவிட்டு உறையை உரித்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. முதல் வாரம் முழுக்க என்னைத் திணறடித்தது இந்த இடம்தான். ஆசிரியருக்குக் கட்டுரையின் முதல் எழுத்தைச் சிவப்பாகப் பெரிதாக்கும் பழக்கம் இருந்திருக்கிறது. கொக்கிரகுளம் பற்றிய கட்டுரை ‘கொ’ என்று தொடங்குகிறது. பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில்தான் அடிப்போம்: முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். முதல் எழுத்து என்று அவர் தேர்ந்தெடுத்தது கொம்பை மட்டும். சிவப்புக் கொம்பு ஒரு டேக்குக்குள், கறுப்பு ‘க’வும் காலும் வெளியே. பாமினியை யூனிகோடாக்கும் நிரலுக்கு அந்தக் கொம்பு தனியாகப் போனால் அது என்ன செய்யும்? அனாதைக் கொம்பு ஒன்று வந்தது, பின்னால் ‘காக்கிரகுளம்’ என்று வந்தது.

இதற்கு நான் கண்ட வழி இது. எழுத்துருப் பெயர் இல்லாமல் வெறும் நிறமும் அளவும் மட்டும் சொல்கிற ஃபான்ட் டேக்குகளை முதலில் அன்ராப் செய்ய வேண்டும். அதோடு நிற்கக் கூடாது. உறை போனாலும் மரத்துக்குள் அந்தக் கொம்பும் ‘க’வும் இரண்டு தனித்தனித் துண்டுகளாகவே பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அவற்றை ஒட்டுவதற்கு ‘ஸ்மூத்’ என்று ஒரு செயல்பாடு இருக்கிறது. அதைக் கூப்பிட்ட பிறகுதான் மூன்றும் ஒரே சரமாகும். அதன் பின் பாமினியை மாற்ற வேண்டும். கடைசியில்தான் பாமினி என்ற பெயருள்ள டேக்கை உரிக்க வேண்டும். இந்த வரிசை பிடிபட்ட அன்று ராத்திரி பதினொன்றரை மணிக்குக் ‘கொக்கிரகுளம்’ முழுசாகத் திரையில் வந்தது. வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

இதோடு சேர்த்து ஓர் எச்சரிக்கை. பக்கத்திலுள்ள எழுத்தையெல்லாம் மொத்தமாக எடுக்கும் செயல்பாட்டில் துண்டுகளுக்கு இடையே ஓர் இடைவெளி போடச் சொல்லும் வசதி உண்டு. ஆங்கிலத்துக்கு அது நல்லது. தமிழில் சொல்லின் நடுவே டேக் வந்தால் அந்த இடைவெளி உயிர்மெய்யையே பிளந்துவிடும். பத்தி டேக்குகளைத் தனித்தனியாக எடுத்து, உள்ளே இடைவெளி இல்லாமல் சேர்ப்பதுதான் சரி.

இனி ‘ஈ’ கதை. இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

எல்லாப் பக்கங்களையும் மாற்றி முதல் பிரதியை ஆசிரியருக்கு அனுப்பினேன். நான்கு நாளில் வந்துவிட்டார். கன்னடியன் கால்வாய் பற்றிய கட்டுரையில் விரலை வைத்து, “இதுக்கு முன்னால ஒரு வரி இருந்துச்சே தம்பி, எங்க போச்சு?” என்றார். பிரவுசரில் மூலப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அங்கும் அந்த வரி இல்லை. அப்போது அவர் எழுதாமல் விட்டிருப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் அப்படி நினைக்கவில்லை.

அன்று மாலை வேறு காரணத்துக்காக அந்தப் பக்கத்தை டைடியில் போட்டேன். டைடி என்பது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ.3.சி. அமைப்பில் இருந்த டேவ் ராகெட் தொண்ணூறுகளில் எழுதிய கருவி. இப்போது தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். இணையப் பக்கங்களை எழுதும் டேக் மொழியான எச்.டி.எம்.எல்.லின் 5-ஆம் பதிப்புக்கு ஏற்ற டைடி 2015-இல் வந்தது. பக்கத்தைக் கொடுத்தால் குறைகளை வரி எண்ணோடு பட்டியலிட்டு, திருத்திய பிரதியைத் தரும். இந்தப் பக்கத்துக்கு அது பிரதியே தரவில்லை. இந்த ஆவணத்தில் பிழைகள் உள்ளன, அவற்றைச் சரிசெய்தால்தான் சுத்தமான பிரதி தர முடியும் என்று நின்றுவிட்டது. காரணம் என்ன என்று பார்த்தால், 47-ஆம் வரியில் தனக்குத் தெரியாத ஒரு டேக் இருக்கிறதாம்.

47-ஆம் வரிக்குப் போனேன். அங்கே டேக் எதுவும் இல்லை. ‘ஈரம்’ என்ற சொல் இருந்தது.

பாமினியில் ‘ஈ’க்கு உரிய விசை லெஸ்-தேன் குறி (<). எச்.டி.எம்.எல்.லில் ஒவ்வொரு டேக்கும் தொடங்குகிற அதே குறி. ‘ர’வுக்கு யு, ‘ம’வுக்கு கே, புள்ளிக்கு அரைப்புள்ளி. எனவே பிரவுசர் ‘ஈரம்’ என்பதைப் பார்த்து, யு என்ற எழுத்தில் ஏதோ ஒரு டேக் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்கிறது. டேக் எங்கே முடியும்? கிரேட்டர்-தேன் குறி (>) வரும் இடத்தில். பாமினியில் அந்தக் குறி எது தெரியுமா? காற்புள்ளி! ஆகவே ‘ஈ’ தொடங்கி அடுத்த காற்புள்ளிவரை உள்ள சொற்கள் அத்தனையும் ஒரு பொய்யான டேக்குக்குள் போய் மறைந்துவிடும். ஆசிரியர் நோட்பேடில் கையால் அடித்தவர். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளாக இருந்தால் அந்தக் குறியை, டேக் என்று எடுத்துக்கொள்ளாதபடி, தானே ஒரு மாற்றுக்குறியாக்கி எழுதியிருக்கும். நோட்பேட் அடித்ததை அப்படியே வைத்திருக்கிறது.

பியூட்டிஃபுல் சூப் மேல் எனக்குள்ள பெரிய குறை இங்கேதான் வருகிறது. அது எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறது, முணுமுணுப்பே இல்லை. அந்தப் பொய் டேக்கையும் ஒரு கிளையாக மரத்தில் வைத்துவிட்டு அமைதியாக இருந்தது. 386 பக்கத்தில் ஒன்றில்கூட இங்கே ஏதோ சரியில்லை என்று சொல்லவில்லை. டைடியின் பிடிவாதம் இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. இரண்டு கருவியும் ஒரே வேலைக்கு என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் டைடியை முதலில் ஓட்டி, அது தரும் திருத்திய பிரதியை ஒதுக்கிவிட்டு, அது சொல்லும் புகார்ப் பட்டியலை மட்டும் படிக்க வேண்டும். அந்தப் பட்டியல் தங்கம்.

விஷயம் தெரிந்த பிறகு மீட்டெடுக்க உதவியது சூப்தான். உண்மையான எச்.டி.எம்.எல். டேக்குகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, அதில் இல்லாத பெயருள்ள எல்லாக் கிளைகளையும் காட்டு என்றேன். 61 இடம் வந்தது. ஈரம், ஈச்சமரம், ஈடு, ஈசான மூலை, இப்படி. மறைந்த சொற்கள் அந்தப் பொய் டேக்கின் பண்புகளாக, அதாவது டேக்குக்குள் பெயருக்குப் பின் எழுதும் விவரங்களாக, மரத்திலேயே இருந்தன. அவற்றை அப்படியே எடுத்து மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அதுவும் பொறி. டேக் பெயரையும் பண்பின் பெயரையும் சின்ன எழுத்தாக்கிவிடுவது பக்கத்தைப் படித்துப் பிரிக்கும் நிரலான பார்சரின் வழக்கம், எச்.டி.எம்.எல். விதியும் அதுதான். பாமினியில் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் வேறு வேறு. சின்ன என் ஒற்றைக் கொம்பு, பெரிய என் இரட்டைக் கொம்பு. சின்ன எஃப் ‘க’, பெரிய எஃப் ‘கு’. மரத்திலிருந்து எடுத்த வாக்கியத்தில் ‘குளம்’ இருந்த இடத்தில் ‘களம்’ இருந்தது! ஆற்றுப் பாசனம் பற்றிய புத்தகத்தில் இது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். இரண்டும் வாக்கியத்தில் பொருந்தும். பிழை திருத்துபவர் கண்ணில் படவே படாது.

நல்லவேளையாக, ஒவ்வொரு டேக்கும் மூல ஃபைலில் எந்த வரியில், எந்த இடத்தில் தொடங்கியது என்று சூப் நினைவில் வைத்திருக்கிறது. பைத்தானோடு வரும் எச்.டி.எம்.எல். பார்சரைப் பயன்படுத்தினால், தொடக்கக் குறி நிற்கும் இடத்தையே சுட்டும். 61 இடத்துக்கும் வரி எண் எடுத்து, மூல ஃபைலின் பிரதியில் அந்த லெஸ்-தேன் குறியை மட்டும் மாற்றுக்குறியாக்கினேன். பிறகு மொத்த வேலையையும் முதலிலிருந்து ஓட்டினேன். வரிகள் திரும்பி வந்தன. கன்னடியன் கால்வாய்க் கட்டுரையில் அவர் கேட்ட வரியும் வந்தது.

பார்சர் என்று சொன்னேன் அல்லவா, அதையும் விளக்க வேண்டும். சூப் தானாகப் பக்கத்தைப் படிப்பதில்லை. கீழே ஒரு பார்சர் வேலை செய்யும். பைத்தானோடு வருவது ஒன்று, எல்.எக்ஸ்.எம்.எல். ஒன்று, எச்.டி.எம்.எல்.5 லிப் ஒன்று. எது வேண்டும் என்று நாம் எழுதாவிட்டால் அந்தக் கணினியில் இருப்பதில் ஒன்றை அதுவே எடுத்துக்கொள்ளும். கடைக் கணினியில் எல்.எக்ஸ்.எம்.எல். இருந்தது, வீட்டு லேப்டாப்பில் இல்லை. ஒரே நிரல், ஒரே பக்கம், இரண்டு இடத்தில் இரண்டு விதமான மரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதில் போயிற்று. அது மஞ்சள் எழுத்தில் எச்சரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நான் படிக்கவில்லை. எச்சரிக்கையைப் படியுங்கள், பார்சர் பெயரை எப்போதும் எழுதுங்கள்.

எச்.டி.எம்.எல்.5 லிப் பிரவுசர் மாதிரியே படிக்கும். கெட்டுப்போன பக்கத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று இன்றைய எச்.டி.எம்.எல். தரத்தில் அடி அடியாக விதி இருக்கிறது. அதனால்தான் எல்லாப் பிரவுசரும் ஒரே மாதிரி காட்டுகின்றன. பத்தி தொடங்கும்போது திறந்த ஃபான்ட் டேக்கை ஆசிரியர் மூட மறந்திருந்தால், அடுத்த பத்தியிலும் அதை மறுபடி திறந்து வைப்பது அந்த விதி. அதனால் பாமினி என்ற சாட்சி பத்தி தோறும் தொடரும். மாற்றும் வேலைக்கு நான் இதையே வைத்துக்கொண்டேன். மெதுவானது, மிக மெதுவானது. மொத்தத்தையும் ஓட்டவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். என் வேலைக்கு வேகம் முக்கியமில்லை. ஆயிரக்கணக்கில் பக்கம் வைத்திருப்பவர்கள் எல்.எக்ஸ்.எம்.எல். பக்கம்தான் போக வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் அதில் உண்டு. திறக்காத பத்தியை மூடும் டேக் மட்டும் தனியாக வந்தால், விதிப்படி அந்த இடத்தில் காலியான ஒரு பத்தி உருவாகும். மற்ற இரண்டும் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஆசிரியர் அந்த மூடும் டேக்கை வரி இடைவெளிக்காகவே அடித்திருக்கிறார், பக்கத்துக்கு முப்பது நாற்பது. காலிப் பத்திகளைக் கடைசியில் துடைத்தேன்.

ஆனால் பிரவுசர் மாதிரி படிப்பது எல்லா இடத்திலும் நல்லது இல்லை என்பதற்கு ஓர் அட்டவணை சாட்சி. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளை மேலிருந்து கீழாக ஆசிரியர் அட்டவணை போட்டிருந்தார்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். அட்டவணைக்கு மேலே, தலைப்பு மாதிரி, ‘இதிலிருந்து பிரிவதே நெல்லைக் கால்வாய்’ என்று ஒரு வரி நின்றது. எதிலிருந்து? படிப்பவர்கள் கோடைமேலழகியானிலிருந்து என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், அது தவறு. நெல்லைக் கால்வாய் சுத்தமல்லியிலிருந்து பிரிகிறது. ஆற்றை இவ்வளவு தெரிந்த மனிதர் இப்படி எழுதுவாரா?

எழுதவில்லை. மூல ஃபைலில் அந்த வரி சுத்தமல்லி வரிசைக்கு அடியில்தான் இருந்தது. அட்டவணையின் கட்டத்துக்குள் போடாமல் இரண்டு வரிசைக்கு நடுவே வெறுமனே எழுதியிருந்தார். அட்டவணைக்குள் கட்டத்துக்கு வெளியே எழுத்து வந்தால் அதைத் தூக்கி அட்டவணைக்கு முன்னால் வைக்க வேண்டும் என்பது விதி. அந்த விதிக்கு வளர்ப்புப் பெற்றோர் என்று பொருள்படும் பெயர்கூட உண்டு. டைடியும் அப்படித்தான் மேலே தூக்கியது. பைத்தானோடு வரும் எளிய பார்சருக்கு இந்த விதியெல்லாம் கிடையாது. எழுதியவர் எங்கே வைத்தாரோ அங்கேயே விட்டுவைத்தது. எழுதியவர் மனதில் இருந்ததைத் தெரிந்துகொள்ள அந்த எளிய பார்சர்தான் உதவியது. அதிலிருந்து நான் எல்லாப் பக்கத்தையும் இரண்டு பார்சரிலும் ஓட்டி, அட்டவணை உள்ள பக்கங்களில் வித்தியாசம் வரும் இடங்களைக் கண்ணால் பார்க்கிறேன். 14 பக்கம்தான், பெரிய சோலி இல்லை.

2006-க்குப் பிந்திய பக்கங்கள் வேறு வகை. ஆசிரியர் அப்போது வேர்டில் அடித்து இணையப் பக்கமாகச் சேமிக்கத் தொடங்கிவிட்டார். யூனிகோடு, லதா எழுத்துரு. மாற்ற வேண்டிய தேவை இல்லை, ஆனால் நாலு சொல்லுக்கு ஒரு ஸ்பான் டேக். இங்கே டைடியை மிஞ்ச ஆள் இல்லை. வேர்டுக்கென்றே ஒரு விருப்பம் வைத்திருக்கிறார்கள், அதைப் போட்டால் ஃபைல் இளைத்துவிடும். மூன்றை மட்டும் கவனியுங்கள். ‘பேர்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் வளைந்த மேற்கோள் குறிகளை நேர்க்குறியாக்கிவிடும், புத்தக வேலைக்கு அது நஷ்டம். ‘கிளீன்’ போட்டால் ஃபான்ட் டேக்குகளை எடுத்துவிட்டு சி1, சி2 என்று பெயர் சூட்டி விவரத்தைத் தலைப்பகுதிக்கு அனுப்பிவிடும், பாமினிப் பக்கங்களில் இதைச் செய்யவே கூடாது. மூல ஃபைலின் மேலேயே எழுதும் விருப்பம் ஒன்று உண்டு, அதை மறந்துவிடுங்கள்.

டேக் எல்லாம் போன பிறகு மிஞ்சுகிற எழுத்தையும் ஒழுங்குபடுத்த வேண்டும். ‘கொ’ என்பதை யூனிகோடில் ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்றுதான், தேடினால் ஒன்று கிடைக்கும், இன்னொன்று கிடைக்காது. பைத்தானிலேயே உள்ள என்.எஃப்.சி. என்ற இயல்பாக்கம் இதை ஒரே வரியில் சரிசெய்துவிடும். ஔகாரம் மட்டும் சரியாகாது. ‘கௌதமன்’ என்பதைக் கொம்பு போட்டுப் பக்கத்தில் ‘ள’ என்ற எழுத்தையே வைத்து அடிக்கிற பழக்கம் பலருக்கு உண்டு, அது கணினிக்கு வேறு சொல். நான் அதைக் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றினேன். மீன்கள் பற்றிய கட்டுரையில் கெளுத்தியும் கெளிறும் உருக்குலைந்துவிட்டன. ‘ள’வுக்குப் பின்னால் உகரக் குறியோ இகரக் குறியோ வந்தால் அது உண்மையான ‘ள’ என்று ஒரு நிபந்தனை போட்டதும் மீன்கள் பிழைத்தன.

மொத்தத்தில் எப்படி? பழைய பக்கங்களை உரை குலையாமல் மீட்க வேண்டும் என்றால் பியூட்டிஃபுல் சூப் வாங்கத் தக்கது என்று சொல்லியிருப்பேன், விலை இருந்திருந்தால். கொஞ்சம் பைத்தான் தெரிந்திருக்க வேண்டும், இரண்டு வாரம் பொறுமை வேண்டும். விளக்க ஆவணம் ஒரே நீளப் பக்கம், ஆங்கிலத்தில் படித்தேன், எடுத்துக்காட்டுகள் தெளிவு. மௌனமாக இருப்பது குறை. அதைப் பக்கத்தில் டைடியை வைத்துச் சமாளிக்கலாம். சூப்புக்கு ஐந்தில் நாலரை, டைடிக்கு நான்கு. ஒரே பொத்தானில் எல்லா டேக்கையும் நீக்கித் தருவதாகச் சொல்லும் சேவைகளிடம் உங்கள் தாத்தாவின் எழுத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

மார்கழிக் கடைசியில் இரண்டாம் பிரதியை எடுத்துக்கொண்டு நானே சேரன்மகாதேவிக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து ஆசிரியர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ‘ஈ’ ஏன் காணாமல் போனது என்பதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் அந்தக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பமே எனக்குத் தெரியும் தம்பி. ‘ஈரம்’னு போட்டா வரி ஓடிப்போவுதுன்னு ரெண்டு மூணு தடவ பாத்தேன். ஏன்னு வெளங்கல. பொறவு ‘நனைவு’ன்னு எழுதப் பழகிட்டேன்” என்றார்.

அப்புறம் உள்ளே போய் ஒரு பென்சிலை எடுத்து வந்தார். ‘நனைவு’ வந்த இடத்தையெல்லாம் தேடித் தேடி அடித்துவிட்டு மேலே ‘ஈரம்’ என்று எழுத ஆரம்பித்தார். நான் கிளம்பும்போது பதினேழாவது இடத்தில் இருந்தார்.